ஒற்றைப் பாய்ப் படகு: நம் ஏரிகளுக்கு ஒன்றை வடிவமைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை நடத்துகிறேன். பட்டறையின் பின்கட்டில் இதுவரை இரண்டு பாய்மரப் படகுகள் செய்திருக்கிறேன். முதலாவது பத்தடி. அது சரியாக அமையவில்லை. இரண்டாவது பன்னிரண்டடி. நாலு வருடமாக எங்கள் ஊர் ஏரியில் நன்றாக ஓடுகிறது. மோட்டார் கொண்டுவருபவர்கள், பாலிடெக்னிக் பிள்ளைகள், ஏரிக்கரையில் நின்று பார்ப்பவர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கேட் ரிக் என்றால் என்ன? கேட்டமரன் படகுதானே அது?

இல்லை, இரண்டும் வேறு. கேட்டமரன் என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது. இன்று அது இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. கேட் ரிக் என்பது பாய் கட்டும் முறையின் பெயர். ஒரே பாய்மரம், ஒரே பாய், அந்த மரமும் படகின் மூக்குக்குப் பக்கத்திலேயே நடப்பட்டிருக்கும். மரத்துக்கு முன்னால் இன்னொரு சின்னப் பாய் கிடையாது.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில், கேப் காட் பகுதி மீனவர்களிடம் இந்த வகைப் படகு பெரிய அளவில் புழங்கியது. அங்கே கரையோரத் தண்ணீர் ஆழம் குறைவு. வலையையும் பார்த்துக்கொண்டு படகையும் ஓட்ட ஆள் ஒருவர்தான். அகலமான, ஆழம் குறைந்த உடல், ஒற்றைப் பாய் என்ற வடிவம் அந்தத் தேவையில் பிறந்தது. 1921இல் வந்த பீட்டில் கேட் என்ற படகு இன்றும் செய்யப்படுகிறது. நீளம் 12 அடி 4 அங்குலம், அகலம் 6 அடி. நீளத்தில் பாதி அகலம் என்றால் எவ்வளவு தடித்த படகு என்று பாருங்கள்.

கடலே இல்லாத மாவட்டத்தில் பாய்மரப் படகா? எங்கே ஓட்டுவது?

கடல் இல்லை, தண்ணீர் இருக்கிறது. தென்பெண்ணையில் 1957இல் திறந்த கே.ஆர்.பி. அணை இருக்கிறது. ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி. பாரூர் பெரிய ஏரி. தருமபுரிப் பக்கம் போனால் மேட்டூர் அணையின் பின்தண்ணீர் நாகமரை, ஒட்டனூர் வரைக்கும் வந்து நிற்கிறது. காற்றுக்கும் குறைவில்லை.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். அணைகளும் பெரிய ஏரிகளும் நீர்வளத் துறையின் கையில் இருக்கின்றன. மீன்பிடி உரிமை வேறொருவருக்கு இருக்கும். கேட்காமல் படகை இறக்கக்கூடாது. நான் நீர்வளத் துறை அலுவலகத்திலும் ஊராட்சியிலும் மனு எழுதிக் கொடுத்து, மீன் குத்தகைக்காரரிடமும் பேசிவிட்டுத்தான் ஊர் ஏரியில் இறக்கினேன். வலை எங்கே கட்டியிருக்கிறது என்று அவரே காட்டிக் கொடுத்தார். இன்றுவரை அந்தப் பக்கம் போனதில்லை. குடிநீர் எடுக்கும் ஏரி, மதகின் அருகில் இழுப்பு உள்ள இடம் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

ஒகேனக்கல் பரிசலில் ஒரு பாயைக் கட்டிவிட்டால் போதாதா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் பெண்ணாகரத்துக்காரர். அவருக்குச் சொன்ன பதிலையே சொல்கிறேன். பரிசல் வட்டம். அதற்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. பாறைக்கும் சுழலுக்கும் நடுவே எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பத்தான் அந்த வடிவம், அதில் அதை மிஞ்ச ஆளில்லை. பாய் கட்டினால் அதே குணம் எதிரியாகிவிடும். காற்று தள்ளும் திசைக்குப் போகும், கூடவே சுற்றும், திரும்பி வர முடியாது. பாய்மரப் படகு நேராகப் போகச் சுலபமாகவும் பக்கவாட்டில் நகரக் கடினமாகவும் இருக்க வேண்டும். அந்த வேறுபாட்டை உண்டாக்குவதுதான் தண்ணீருக்குள் நீட்டியிருக்கும் நடுப்பலகை.

எதிர்க்காற்றில் எப்படி முன்னேறும்?

நேர் எதிரே போகாது. காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 45 பாகை விலகித்தான் போகும். இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று கோணல்மாணலாக ஏற வேண்டும்.

ஏன் போகிறது என்பதற்கு நம் ஊரிலேயே விளக்கம் கிடக்கிறது. தோத்தாபுரி மாங்கொட்டையைச் சப்பி முடித்து, ஈரத்தோடு இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். இரண்டு பக்கமிருந்தும்தான் அழுத்துகிறீர்கள், கொட்டையோ முன்னால் பாய்கிறது. பாயில் காற்று ஒரு பக்கம் தள்ளுகிறது, நடுப்பலகையில் தண்ணீர் மறுபக்கம் தடுக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட படகுக்கு மிஞ்சிய வழி முன்னால் வழுக்குவதுதான். பாய் சட்டைக் கை போலத் தட்டையாகத் தொங்காமல் இலேசாக வளைந்து நின்றால் அதன் முதுகுப் பக்கம் காற்றழுத்தம் குறைந்து இழுவை இன்னும் கூடும்.

மரத்தை ஏன் மூக்கிலேயே நட வேண்டும்? நடுவில் வைத்தால் பார்க்க அழகாக இருக்குமே.

என் முதல் படகு கெட்டது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

படங்களில் பார்த்த படகுகளில் மரம் மூக்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி நின்றது. நானும் பத்தடிப் படகில் மூன்றரை அடியில் நட்டேன். அந்தப் படங்களில் மரத்துக்கு முன்னால் இரண்டாவது பாய் ஒன்று இருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. தண்ணீரில் இறக்கியதும் படகு ஓயாமல் காற்றை நோக்கித் திரும்பியது. சுக்கானை மார்போடு இழுத்துப் பிடித்தாலும் மூக்கு காற்றுக்குள் போய் நின்றுவிடும், பாய் படபடக்கும், படகு நின்ற இடத்தில் நிற்கும். ஒரு மணி நேரத்தில் தோள் கழன்றுவிட்டது.

காரணம் இதுதான். பாயின் மேல் விழும் காற்றின் மொத்த விசையும் ஒரு புள்ளியில் விழுவதாக வைத்துக்கொள்ளலாம். அதைப் பாயின் மையம் என்போம். தண்ணீர் பக்கவாட்டில் தடுக்கும் விசைக்கும் அதுபோல் ஒரு புள்ளி உண்டு. அது பெரும்பாலும் நடுப்பலகை இருக்கும் இடத்தை ஒட்டி வரும். பாயின் மையம் தண்ணீர் மையத்துக்கு ரொம்பப் பின்னால் போனால், காற்று படகின் பின்பக்கத்தைத் தள்ளி மூக்கைக் காற்றுக்குத் திருப்பும். ரொம்ப முன்னால் போனால் மூக்கு காற்றை விட்டு ஓடும். அது இன்னும் ஆபத்து. ஒற்றைப் பாய் முழுவதும் மரத்துக்குப் பின்னால் விரிகிறது. அதன் மையம் படகின் நடுவுக்கு வர வேண்டுமென்றால் மரம் மூக்குக்கு நகர்ந்துதான் ஆக வேண்டும்.

மையத்தைக் கண்டுபிடிக்கக் கணினி வேண்டாம். நான் கெட்டி அட்டையில் அச்சடித்த பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஒரு அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவில் பாயின் வடிவத்தை வரைந்து வெட்டினேன். அதன் ஒரு மூலையில் குண்டூசி குத்தித் தொங்கவிட்டு, ஊசியிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, நூல் போகும் வழியைப் பென்சிலால் கோடு போட்டேன். இன்னொரு மூலையிலும் அப்படியே. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் மையம். தண்ணீருக்குள் இருக்கும் உடல், நடுப்பலகை இரண்டின் பக்கவாட்டு உருவத்தையும் ஒரே அட்டையாக வெட்டி அதற்கும் மையம் பார்த்தேன். பிறகு படகின் வரைபடத்தின் மேல் பாய் அட்டையை முன்னும் பின்னும் நகர்த்தி, பாயின் மையம் தண்ணீர் மையத்துக்குச் சில அங்குலம் முன்னால் வரும்படி நிறுத்தி, மரம் எங்கே வருகிறது என்று பார்த்துக் குறித்தேன்.

நேர் மேலே வைக்காமல் ஏன் கொஞ்சம் முன்னால் என்றால், ஓடும்போது படகு சாயும். சாய்ந்தால் பாய் படகுக்கு வெளியே பக்கவாட்டில் போய்விடும். அங்கிருந்து இழுக்கும் விசை மூக்கைக் காற்றுக்குத் திருப்பப் பார்க்கும். தாளில் விட்ட அந்தச் சில அங்குலம் இதை ஓரளவு சரிக்கட்டும்.

பன்னிரண்டடிப் படகில் மரம் அணியத்திலிருந்து இரண்டரை அடியில் நிற்கிறது. அணியம் என்றால் படகின் முன்முனை, அமரம் என்றால் பின்முனை. கடற்கரைக்காரர்களின் சொற்கள் இவை. நமக்கும் பழகட்டும். என் பாயில் ஒரு பகுதி மரத்துக்கு முன்னாலும் நீட்டிக்கொண்டிருப்பதால் இரண்டரை அடி சரியாக வந்தது. முழுப் பாயும் மரத்துக்குப் பின்னால் இருக்கும் வகை என்றால் மரம் இன்னும் ஒரு அடி முன்னால் போக வேண்டும்.

இரண்டு பாய் இருந்தால் வேகம் அதிகம் இல்லையா?

எதிர்க்காற்றில் ஏறும்போது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் இரண்டு பாய்க்குக் கயிறு கூடும், மரத்தைப் பிடிக்கக் கம்பி வேண்டும், ஆளும் இரண்டு வேண்டும். நம் ஏரிகளைச் சுற்றி இருப்பது பாறைக் குன்றுகள். காற்று ஒரே சீராக வராது. ஒரு நிமிடம் அசைவே இருக்காது, அடுத்த நிமிடம் குன்றின் இடுக்கு வழியாக அறைந்துகொண்டு வரும். அப்போது செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று: கையில் இருக்கும் பாய்க்கயிற்றை விடுவது. கடலோரத்தில் இந்தக் கயிற்றைத் தாமான் என்பார்கள். விட்டதும் பாய் கொடி மாதிரி காற்றோடு திரும்பிவிடும், படகு நிமிர்ந்துவிடும். ஒற்றைப் பாயில் விட வேண்டியது ஒரு கயிறுதான், அதுவும் எப்போதும் உங்கள் கையிலேயே இருக்கிறது.

படகின் ஒவ்வொரு பாகத்தையும் நான் இதை நினைத்துத்தான் முடிவு செய்தேன். பாய்க்கயிற்றைக் கட்டிவைக்கக் கொக்கியோ முளையோ படகில் எங்கேயும் வைக்கவில்லை. கை வலித்தால் ஓட்டத்தை நிறுத்திக்கொள்வேன். கயிற்றின் முனையிலும் முடிச்சு போடவில்லை, கப்பியில் சிக்கிக்கொள்ளும்.

நீளம், அகலம் எவ்வளவு வைக்கலாம்?

ஒருவர் மட்டும் என்றால் 8 முதல் 10 அடி. இரண்டு பேர் என்றால் 12 அடி. அதற்கு மேல் போனால் ஒருவரால் புரட்ட முடியாது, பட்டறைக் கதவிலும் நுழையாது.

அகலத்தைக் குறைத்துவிடாதீர்கள். மூக்கில் மரம் நிற்கிறது, அதன் எடையைத் தாங்க முன்பக்கம் கொஞ்சம் புடைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அலையில் மூக்கு குத்தும். பன்னிரண்டடிக்கு ஐந்தடி அகலம் வைத்தேன். அடிப்பகுதி தட்டை. ஆனால் நீளவாக்கில் வாழைமட்டை போல மெல்ல வளைந்து இரு முனையும் மேலே ஏறும். இந்த வளைவு இல்லாத தட்டைப் படகு பின்னால் தண்ணீரை இழுத்துக்கொண்டே போகும், திரும்பவும் மறுக்கும்.

பாய் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

முதலில் மொத்த எடையைப் போடுங்கள். என் கணக்கு: உடல் 75 கிலோ, இரண்டு பேர் 130 கிலோ, மரம், பாய், சுக்கான் எல்லாம் சேர்த்து 20 கிலோ. ஆக 225 கிலோ. அதாவது படகு 225 லிட்டர் தண்ணீரை விலக்கி மிதக்கும், 0.225 கன மீட்டர். இதன் முப்படி மூலம் 0.61, அதன் வர்க்கம் 0.37. பாயின் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து இந்த 0.37ஆல் வகுத்தால் வரும் எண் படகின் சுபாவத்தைச் சொல்லும். பதினைந்துக்குக் கீழே என்றால் சோம்பல், இருபதுக்கு மேல் என்றால் துடிப்பு. என் பாய் 70 சதுர அடி, 6.5 சதுர மீட்டர். வகுத்தால் 17.5 வருகிறது. குடும்பத்தோடு போக இது போதும்.

அடுத்து, காற்று எவ்வளவு தள்ளும் என்று பார்க்க வேண்டும். மணிக்கு 18, 19 கிலோமீட்டர் வேகக் காற்றில் இந்தப் பாயின் மேல் ஏறக்குறைய 12 கிலோ பக்கவிசை விழும். பாயின் மையத்துக்கும் நடுப்பலகையின் மையத்துக்கும் உயர வித்தியாசம் 2.6 மீட்டர். 12 பெருக்கல் 2.6, ஆக 31. படகைச் சாய்க்கப் பார்ப்பது அது. நிமிர்த்தப் பார்ப்பது நீங்கள்: 70 கிலோ ஆள் நடுக்கோட்டிலிருந்து 0.7 மீட்டர் தள்ளி விளிம்பில் உட்கார்ந்தால் 49. சரி, நாம் ஜெயிக்கிறோம். இப்போது காற்றின் வேகம் இரண்டு மடங்காகட்டும். விசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். 31 என்பது 125 ஆகிவிடும். இரண்டு பேர் விளிம்பில் உட்கார்ந்தாலும் முடியாது. அதனால்தான் பாயில் இரண்டு வரிசை கட்டுக்கயிறு வைத்து, காற்று ஏறினால் கீழ்ப்பகுதியைச் சுருட்டிக் கட்டிச் சின்னதாக்குகிறோம். இதை வைக்காமல் பாய் தைக்கவே கூடாது.

எந்த வடிவப் பாய் நல்லது?

முக்கோணப் பாய்க்கு உயரமான மரம் வேண்டும். பன்னிரண்டடிப் படகுக்குப் பதினாறு, பதினெட்டு அடி மரம் வரும். நான் எடுத்தது நாற்கோணப் பாய், பேலன்ஸ்டு லக் என்பார்கள். மேலே ஒரு கழி, கீழே ஒரு கழி, இரண்டும் மரத்தைத் தாண்டிக் கொஞ்சம் முன்னால் நீட்டும். மேல்கழியைக் கட்டுமரக்காரர்கள் பருமல் என்கிறார்கள். மரம் குட்டையாக இருந்தால் போதும். ஒரே கயிற்றில் ஏற்றி, ஒரே கயிற்றில் இறக்கிவிடலாம். மரத்துக்கு முன்னால் பாயின் ஒரு பகுதி இருப்பதால், பின்காற்றில் பாய் பக்கம் மாறும்போது அந்த முன்பகுதி கொஞ்சம் தடுத்து, அடிக்கழி வீசும் வேகத்தைக் குறைக்கும்.

அந்தப் பக்கம் மாறும் நேரம்தான் இந்தப் படகில் அடிபடும் நேரம். அடிக்கழி தலை உயரத்தில் வந்தால் மண்டை உடையும். உட்கார்ந்த நிலையில் தலைக்கு மேல் நாலு விரல் இடம் இருக்கும்படி பாயை உயர்த்தியே வடிவமையுங்கள். பாயின் மையம் கொஞ்சம் மேலே போகும், பரவாயில்லை.

மரம் மூங்கிலில் செய்யலாமா?

சின்னப் பாய்க்குக் கல் மூங்கில் நன்றாகத் தாங்கும். மூங்கில் மண்டியில் பத்துக் கழியைத் தரையில் உருட்டிப் பார்த்து, நேராக உருள்வதை எடுங்கள். வெடிக்காமலிருக்கக் கணுவுக்குக் கணு நைலான் நூல் சுற்றி ரெசின் பூச வேண்டும். பன்னிரண்டடிப் படகுக்கு நான் போட்டது இரண்டரை அங்குல அலுமினியக் குழாய், சுவர் 3 மில்லிமீட்டர். பார்ட்டிஷன் வேலைக்கு வரும் மெல்லிய குழாய் வேண்டாம், மடங்கிவிடும்.

மரத்தைவிட அது நுழையும் இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். கம்பி எதுவும் பிடிக்காமல் கொடிக்கம்பம் போல நிற்கும் மரம் இது. மேல்தளத்தில் ஒரு துளை, அடியில் ஒரு குழி, இரண்டுக்கும் நடுவே என் படகில் 16 அங்குலம்தான். பலத்த காற்றில் அந்தத் துளையின் விளிம்பில் 200 கிலோவுக்கு மேல் பக்க அழுத்தம் வரும். வெறும் பிளைவுட் கிழிந்துவிடும். நான் தளத்துக்கு அடியில் தேக்குக் கட்டை வைத்து, அதை இரு பக்கச் சுவரோடும் பிணைத்தேன்.

நடுப்பலகையைச் செருகுவதா, மடக்குவதா?

நம் தண்ணீருக்கு மடங்கும் பலகைதான். செருகுபலகை செய்வது சுலபம், தண்ணீரிலும் அது சுத்தமாக வெட்டும். ஆனால் நம் அணைகளில் மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். போன மாதம் பத்தடி ஆழமாக இருந்த இடத்தில் இந்த மாதம் பாறையோ பனைமரத்து அடியோ முட்டும். மேட்டூரில் தண்ணீர் வற்றினால் பண்ணவாடிப் பக்கம் முழுகிக் கிடந்த நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும் என்பதை நாகமரைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். தண்ணீருக்கு அடியில் ஊரே இருக்கிறது. செருகிய பலகை எதிலாவது மோதினால் பலகை உடையும், அல்லது அதன் கூடு பிளந்து படகுக்குள் தண்ணீர் வரும். ஆணியில் சுழலும் பலகை மோதினால் பின்னால் மடங்கி மேலேறிவிடும். ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டாலும் ஒருமுறை மடக்கி இறக்கினால் உதிர்ந்துவிடும். சுக்கானின் கீழ்ப்பாதியையும் இப்படியே மடங்கும்படி செய்யுங்கள்.

அளவு: பாயின் பரப்பில் நூற்றுக்கு நாலு பங்கு. எனக்கு 2.8 சதுர அடி. முன்விளிம்பை உருட்டி, பின்விளிம்பைச் சீவி மெலிதாக்க வேண்டும். தட்டைப் பலகையை அப்படியே விடாதீர்கள்.

என்ன பிளைவுட்? எங்கே எது கிடைக்கும்?

ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட், 6 மில்லிமீட்டர், எட்டுக்கு நாலு அளவில் ஐந்து ஷீட். முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். முதல் படகுக்கு ஒரு கடையில் மரைன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஒரே மழைக்காலத்தில் ஓரம் அப்பளம் போலப் பொங்கி அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது. இரண்டாவது முறை ஒவ்வொரு ஷீட்டிலிருந்தும் தீப்பெட்டி அளவுத் துண்டு வெட்டி, பழைய இட்லிப் பானையில் போட்டு ஒரு பகல் முழுக்கக் கொதிக்கவிட்டேன். ஐ.எஸ். 710 பலகையின் ஒட்டு 72 மணி நேரக் கொதிநீரைத் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஒரு பகலிலேயே நகத்தால் நெம்பப் பிரிந்தால் அது மரைன் இல்லை. ஐந்தில் ஒன்று பிரிந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பலகைகளை வெட்டி, ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் எப்பாக்ஸியும் மரத்தூளும் குழைத்துப் பூசி, மேலே கண்ணாடி நார்த் துணி ஒட்டுவது எளிய முறை. செம்புக் கம்பிக்கு எந்த மோட்டார் பட்டறையிலும் கேளுங்கள். பழைய காயிலில் பிரித்த 18 கேஜ் கம்பி சரியாக இருக்கும். எப்பாக்ஸியைச் சித்திரை வெயிலில் குழைக்காதீர்கள். டப்பாவிலேயே புகைந்து கல்லாகிவிடும். விடியற்காலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து வேலை பாருங்கள்.

தார்ப்பாயில் பாய் தைக்கலாமா?

முதல் பாய்க்குத் தைக்கலாம். புளி காயவைக்க விரிக்கும் நெய்த பிளாஸ்டிக் தார்ப்பாய் போதும். லாரி தார்ப்பாய் தைக்கும் கடையில் தைத்துக் கொடுப்பார்கள். அவர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பாய் சப்பையாக இருக்கக்கூடாது, எட்டடி அகலத்தில் எட்டு பத்து அங்குலம் வயிறு வைக்க வேண்டும். ரவிக்கையில் டாட் பிடிப்பது மாதிரி கீழ் மூலைகளில் பிடிக்கலாம், ஓரங்களை நேராக வெட்டாமல் இலேசாக வெளியே வளைத்தும் வெட்டலாம். நான் சொன்னது கடைக்காரருக்குப் புரியவில்லை, பக்கத்துத் தையல் கடை அக்காவைக் கூட்டிவந்தேன். அவர் சுண்ணாம்புக் கட்டியை வாங்கி இரண்டே நிமிடத்தில் குறித்துக் கொடுத்தார்.

வெயிலில் தார்ப்பாய் ஒன்றிரண்டு வருடத்தில் நைந்துவிடும். பிறகு டேக்ரான் என்ற பாலியெஸ்டர் பாய்த் துணிக்கு மாறிக்கொள்ளுங்கள்.

கவிழ்ந்தால்?

கவிழும். அப்படி நினைத்தே வடிவமைக்க வேண்டும். முன்னும் பின்னும் இரு பக்கமும் காற்று அடைத்த அறைகள் வையுங்கள். அறைக்குள் மூடி இறுக்கிய காலி 20 லிட்டர் தண்ணீர் கேன்களையும் வைத்துவிட்டால், அறை ஓட்டையானாலும் ஒவ்வொரு கேனும் 20 கிலோவைத் தூக்கும். அகலப் படகுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நிமிர்ந்து நிற்கையில் எவ்வளவு உறுதியோ, தலைகீழாகக் கிடக்கையிலும் அவ்வளவு உறுதி. முழுக்கப் புரளாமல் இருக்க மர உச்சியில் காற்றடைத்த ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் கட்டிவையுங்கள். படகு பக்கவாட்டில் படுத்தாலும் மரம் முழுகாது. நடுப்பலகையின் மேல் ஏறி நின்று விளிம்பைப் பிடித்துச் சாய்ந்தால் நிமிர்ந்துவிடும். பலகை கூட்டுக்குள் மடங்கிப் போகாமல் இருக்க ஒரு ரப்பர் கயிறு இழுத்துப் பிடித்திருக்க வேண்டும்.

நீச்சல் தெரிந்தவர்களும் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும். ஏறும் முன், கரையிலேயே. இதில் எனக்கு யாரோடும் சமரசம் கிடையாது.

எவ்வளவு வேகம் போகும்?

தண்ணீரைத் தொடும் நீளம் 11 அடி என்றால் ஏறக்குறைய 8 கிலோமீட்டர், மணிக்கு. சைக்கிளைவிட மெதுவு. தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்திருப்பதால் வேறு மாதிரித் தெரியும்.

எந்த மாதத்தில் பழகலாம்?

தை, மாசி. ஏரியில் தண்ணீர் இருக்கும், காற்று கிழக்கிலிருந்து மிதமாக வரும். சித்திரை, வைகாசியில் காலையில் மட்டும். மதியத்துக்கு மேல் மேகம் காலிஃப்ளவர் மாதிரி எழும்பினால் உடனே கரைக்கு வந்துவிடுங்கள். மாந்தோப்புக்காரர்களைக் கேளுங்கள், அந்தக் காற்று ஒரு கால் மணி நேரத்தில் மரத்தடி முழுக்கக் காயைக் கொட்டிவிட்டுப் போகும். ஆடிக் காற்று பழகியவர்களுக்கு, அதுவும் பாயைச் சுருக்கிக் கட்டி.

எப்படித் தூக்கிக்கொண்டு போவது?

குட்டி யானையில். கேபினுக்கு மேல் வரும் உயரத்தில் குழாய் சட்டம் ஒன்று போட்டு, படகைக் கவிழ்த்து, மூக்கு கேபின் மேல் வரும்படி ஏற்றினால் பின்னால் நீட்டாது. நாலு பேர் வேண்டும்.

என் மகளுக்குப் பத்து வயது. அவள் ஓட்டுகிற மாதிரி உண்டா?

உண்டு. ஆப்டிமிஸ்ட் என்ற படகு அதற்காகவே பிறந்தது. 1947இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுவர்களுக்காக வடிவமைத்தது. எட்டடிக்கும் குறைவு, உடல் 35 கிலோ, ஒற்றைப் பாய். உலகம் முழுக்கப் பிள்ளைகள் இதில்தான் தொடங்குகிறார்கள். பெரியவர்களுக்கு வந்தால், புரூஸ் கிர்பி வடிவமைத்த லேசர் படகும் ஒற்றைப் பாய்தான். அதன் பாய் 76 சதுர அடி, என் தார்ப்பாயைவிடச் சற்றே பெரிது. 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. இப்போது இல்கா என்ற பெயரில் வருகிறது. சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் போட்டியிட்டது இந்த வகைப் படகில்தான். விஷ்ணு சரவணன் இதே வகையில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கினார். அவர் நம் பக்கத்து வேலூர்க்காரர். உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். பாயை 35 சதுர அடிக்கு மேல் போடாதீர்கள், நீங்கள் கரையில் நிற்காமல் இன்னொரு படகில் கூடவே போங்கள்.

முதல் நாள் தண்ணீரில் இறக்கியதும் எதைச் சோதிக்க வேண்டும்?

இலேசான காற்றுள்ள காலையாகப் பாருங்கள். முழங்கால் ஆழத்தில் படகை நிறுத்தி, பாயை ஏற்றிக் கயிற்றை முழுக்க விட்டுவிடுங்கள். பாய் கொடி போல ஆடினால் ஏறி உட்காருங்கள். கரையை ஒட்டி, காற்று பக்கவாட்டில் வரும்படி ஒரு நூறு அடி ஓட்டுங்கள். சுக்கான் பிடி இரண்டு விரலில் நிற்க வேண்டும், நீங்கள் அதை உங்கள் பக்கம் கொஞ்சமாக இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கலாம். தோளை இழுத்தால் மரத்தின் அடியை ஒரு அங்குலம் பின்னால் நகர்த்துங்கள்; தளத்துத் துளையில் மரம் தாங்கி நிற்பதால் மேல்பகுதி பாயோடு முன்னால் சாயும். இதற்காகவே அடிக்குழியை நீளமாக வெட்டி ஆப்பு வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுக்கானையும் கயிற்றையும் ஒரே நேரத்தில் விட்டுவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். படகு தானாக மெல்ல மூக்கைக் காற்றுக்குத் திருப்பி, பாய் படபடக்க நின்றுவிட வேண்டும். நின்றால் மரம் சரியான இடத்தில் இருக்கிறது. காற்றை விட்டு விலகி ஓடினால், அன்றைக்கு அதோடு பாயை இறக்கித் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்துவிட்டு, மரத்தின் அடியை முன்னால் நகர்த்தி, மேல்பகுதியைப் பின்னால் சாய்த்து மறுபடி பாருங்கள்.